காரை வித்தாச்சு, இன்சூரன்ஸை என்ன பண்றது?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் இங்கே வந்து நின்றால் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கார் இன்சூரன்ஸைப் பற்றிப் பேசப் போகிறோம். "எங்களுக்கு ஏதுங்க காரு?" என்று பின்னால் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய்க்கண்டிகை சிப்காட்டுக்கும் ஷிப்டு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகளில் எத்தனை வண்டி நம்ம குழுக் கடனில் வாங்கியது? முன்பணம் நம்ம கடன், டயர் மாற்றியது நம்ம கடன், இன்சூரன்ஸ் கட்டியதும் நம்ம கடன். வண்டி வீட்டுக்காரர் பேரில் இருக்கும். தவணை மட்டும் நம்ம தலையில் இருக்கும். அப்படித்தானே?

சமீபத்தில் ஒரு தோழிக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவரே சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறோம். அவர் வீட்டில் மஞ்சள் போர்டு கார் ஒன்று வாங்கிக் கம்பெனி ஆட்களை ஏற்ற ஒப்பந்தம் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஒப்பந்தம் நின்றுவிட்டது. தவணை கட்ட முடியவில்லை. எல்லை தாண்டித் தடா பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, கையில் பணம் கொடுத்து வண்டியை எடுத்துப் போனார். "பேரு அப்புறம் மாத்திக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்சூரன்ஸ் ஒரு வருடத்துக்குக் கட்டியிருந்தது. இன்னும் ஆறு மாதம் பாக்கி. ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, "கேன்சல் பண்ணா 70 சதவீதம் பிடிச்சுக்குவாங்க, மீதிதான் வரும். உடனே எழுதிக் கொடுங்க, லேட்டானா அதுவும் வராது" என்றாராம். அந்தத் தோழி படிவத்தோடு எங்களிடம் வந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உண்மையைச் சொல்லப் போனால், எங்களுக்கும் அன்று சரியாகத் தெரியவில்லை. "ஏஜென்ட் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றுதான் முதலில் சொன்னோம். பிறகு விதிகளைத் தேடிப் படித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. அந்த இரண்டையும்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தோம்.

முதல் விஷயம், பணம்.

ஏஜென்ட் சொன்ன கணக்கு பொய் இல்லை, பழசு. 2002இல் வந்த இந்திய மோட்டார் கட்டண விதியில் ஒரு பட்டியல் இருந்தது. பாலிசி ஒரு மாதம் ஓடினால் 20 சதவீதம் பிடிப்பார்கள். இரண்டு மாதம் என்றால் 30, மூன்று மாதம் என்றால் 40. இப்படியே ஆறு மாதத்துக்கு 70, எட்டு மாதத்துக்கு 90. எட்டு மாதம் தாண்டிவிட்டால் ஒரு பைசா வராது. ஒரு மாதம் ஓட்டியதற்கு ஒரு மாதப் பணம் எடுத்தால் நியாயம். அதற்கு மேல் எடுத்தது எல்லாம் நடுவில் நிறுத்தியதற்கான அபராதம் மாதிரிதான்.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் பொதுக் காப்பீட்டுக்கு ஒரு முதன்மைச் சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி பாலிசிதாரர் எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு வருடம் வரையிலான பாலிசியில் நாம் கிளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால், மீதி நாட்களுக்கான பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும்.

கணக்குக்குச் சுலபமாக, பிரீமியம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஓடியிருக்கிறது. பழைய பட்டியல்படி 70 சதவீதம் போக 7,200 ரூபாய் வரும். விகிதப்படி பார்த்தால் பாதி, அதாவது 12,000 ரூபாய் வர வேண்டும். வித்தியாசம் 4,800 ரூபாய். மாதம் 200 ரூபாய் சேமிப்பு கட்டுகிற தோழிக்கு அது இரண்டு வருடச் சேமிப்பு. "ஏதோ வந்தது போதும்" என்று விடலாமா?

அதே சமயம் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த வருடத்தில் கிளெய்ம் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. புது வண்டிக்கு ஒரே தடவையாகக் காருக்கு மூன்று வருடமும் டூ வீலருக்கு ஐந்து வருடமும் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கும் முறை 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. அந்த மாதிரி நீண்ட காலப் பாலிசியில், இன்னும் தொடங்காத வருடங்களுக்கான பணம்தான் திரும்ப வரும்.

இரண்டாவது விஷயம், பணத்தைவிடப் பெரியது.

அந்தத் தோழியின் வண்டி கைமாறிவிட்டது. ஆர்.சி. புக்கில் பேர் மாறவில்லை. அந்த நேரத்தில் இன்சூரன்ஸை ரத்து செய்துவிட்டு, மறுநாளே அந்த வண்டி ஜி.என்.டி. சாலையில் யார் மேலாவது மோதினால் என்ன ஆகும்?

2018இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு, அங்கிருந்து வேறொருவருக்கு என்று போய்விட்டது. பதிவில் மட்டும் முதல் ஆள் பேரே இருந்தது. விபத்து நடந்தது. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான் எப்பவோ வித்துட்டேன்" என்பது எடுபடவில்லை.

உயிர்ச்சேதம் என்றால் நஷ்டஈடு லட்சக்கணக்கில் வரும். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். ஏழாயிரமோ பன்னிரண்டாயிரமோ கைக்கு வருகிறது என்று அவசரப்பட்டால், குடியிருக்கிற வீட்டுக்கே ஆபத்து. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது குற்றமும்கூட. முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

அதனால் அந்தத் தோழியிடம், "அக்கா, கையெழுத்துப் போடாதீங்க, முதல்ல பேரை மாத்துங்க" என்றோம். வாங்கியவர் ஆந்திராக்காரர் என்பதால் நம்ம ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டியிருந்தது. இருபது நாள் ஆனது. அவருக்கு ஒரே கவலை, "இருபது நாள் பணம் போகுதே" என்று. ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று கூட்டத்திலேயே வகுத்துப் பார்த்தோம். 24,000 ரூபாயை 365ஆல் வகுத்தால் சுமார் 66 ரூபாய். இருபது நாளைக்கு 1,320 ரூபாய். அது போகவும் சுமார் 10,680 ரூபாய் வர வேண்டும். ஏஜென்ட் சொன்ன 7,200ஐவிட அதுவும் அதிகம்தான். அந்த 66 ரூபாய் வீணாகப் போன பணம் இல்லைங்க. இருபது ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதற்கான கூலி.

ஆகவே வண்டி விற்கும்போது இந்த வரிசையை மறக்காதீர்கள்.

ஒன்று, விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால், கடன் கொடுத்த வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

இரண்டு, வாங்குகிறவருக்கு நம்ம பாலிசியே போதுமா, புதுசு எடுக்கிறாரா என்று பேரம் பேசும்போதே கேளுங்கள். நம்ம பாலிசியையே வைத்துக்கொள்கிறார் என்றால் நமக்கு ரீஃபண்ட் கிடையாது. மீதி நாளுக்கான பணத்தை வண்டி விலையில் சேர்த்துக் கேளுங்கள். அவரும் 14 நாளுக்குள் பாலிசியில் தன் பேரை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்று, அவர் புதுப் பாலிசி எடுக்கிறார் என்றால் அதன் நகலையும், பேர் மாறிய ஆர்.சி. நகலையும் வாங்கிய பிறகுதான் நம்ம பாலிசியை ரத்து செய்ய எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனியும் இவற்றைக் கேட்கும்.

நான்கு, கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டு. 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். அது வண்டிக்கு உரியது இல்லை, உரிமையாளருக்கு உரியது. அதற்கான கடிதத்தை வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வேறு வண்டி வாங்கும்போது உதவும். கடிதம் கேட்க மறந்துவிடுகிறோம்.

ஐந்து, ரத்துக் கடிதத்தில் தேதி போடுங்கள். தேதி இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். பணத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் குறைவாக வந்தாலோ பதிலே வராமல் போனாலோ, முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் பீமா பரோசாவில் 155255 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ரீஃபண்ட் பாலிசிதாரர் கணக்குக்குத்தான் வரும். பாலிசி வீட்டுக்காரர் பேரில், கடன் நம்ம பேரில் என்றால், பணம் வந்தது நமக்குத் தெரியாமலே போய்விடும். குழுக் கடனில் கட்டிய பிரீமியம் திரும்பி வந்தால் அது குழுக் கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும். இதை வீட்டில் சண்டையாகப் பேச வேண்டாம், கணக்காகப் பேசுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்து வாருங்கள். குழுக் கடனில் வண்டி வாங்கிய உறுப்பினர்கள் யார், ஆர்.சி. யார் பேரில், பாலிசி யார் பேரில், எந்தத் தேதியில் முடிகிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். விற்ற வண்டி ஏதாவது இன்னும் நம்ம பேரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்களுக்கே இது போன மாதம்தானே தெரிந்தது?