கோடையும் ஆய்வகமும்



அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்றொரு கடலோரச் சிற்றூர். 1929இல் அங்கு நிறுவப்பெற்ற ஜாக்சன் ஆய்வகம், எலிகளைக் கொண்டு மரபியல் ஆராயும் நிலையம். பள்ளி மாணவர்களைக் கோடையில் அழைத்து அறிஞர்களின் அருகிருந்து பணிபுரியச் செய்வது அதன் நெடுநாள் வழக்கம். 1950களில் டேவிட் பால்டிமோர் பள்ளி மாணவராக அங்குச் சென்றார். சில ஆண்டு மூத்தவரான ஹோவர்டு டெமினோடு பழகினார். டெமினும் பள்ளிப் பருவத்திலேயே அங்கு வந்தவர். 1970இல் இருவரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர்: சில வைரசுகள் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதிக்கொள்கின்றன. 1975இல் டுல்பெக்கோவுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எலியைக் கொல்ல நேருமே என்னும் தயக்கம் நம் இல்லங்களில் எழும். அதனை நான் எள்ளமாட்டேன். நான் பணியிலிருந்த நாளில் நம்மவர் பிள்ளையொருவன் தவளையை அறுக்க மனமின்றி அறிவியற் பிரிவையே விட்டு விலகினான். பாராட்டினேன், தமிழுக்கொரு மாணவன் கிடைத்தான் என்னும் தன்னலமும் அதில் இருந்தது. மருத்துவ ஆய்வே அவன் கனவென்பதைப் பின்னரே அறிந்தேன்.

இன்று அவ்வாய்வு விலங்குக் கூண்டோடு நிற்பதில்லை. கலத்தில் வளரும் உயிரணுக்களிலும் பணி உண்டு. எனினும் அவற்றின் ஊட்டநீரில் பெரும்பாலும் கருக்கன்றின் குருதிநீர் கலந்திருக்கும். இதனை மறைத்தல் கூடாது. கணினியில் மரபணுத் தொடர்களை ஒப்பிடும் பணியில் இவ்விடர் இல்லை. ஆகவே எதனைத் தொடவேண்டி வரும் என்று முதல் மடலிலேயே கேட்டுவிடுதல் நன்று. என் பெயர்த்தி சென்ற திங்கள் அவ்வாறே எழுதினாள், விடைக்குக் காத்திருக்கிறோம்.