பொன் விளைந்த ஊர்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொன்விழாவில் பொன்னைப் பற்றியே பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நாங்கள் பாலிக் புலாவில் ஜவுளி விற்பவர்கள். தங்கம் விற்பவர்கள் அல்லர். ஆனாலும் துணி எடுக்கப் பெங்களூர் போன ஒரு சமயம், ஒருநாள் மிச்சமிருந்ததால் ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குப் போய்வந்தோம். அதைச் சொல்கிறோம்.

நம் பகாங்கு மாநிலத்து ரவூப்பில் ஆஸ்திரேலியக் கம்பெனி தங்கம் தோண்டியது போல, அங்கே 1880இல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி வந்தது. ஊர் மைசூர் ராஜ்யத்தில். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். சில நேரம் வெடித்துச் சிதறும். கல்தூசி நுரையீரலைத் தின்றது வேறு கதை.

பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்த எங்களுக்கு இன்னொன்று வியப்பு. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு விளக்கெரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான்! துரைமார்களுக்குப் பங்களாவும் கிளப்பும். தொழிலாளிக்கு வரிசை வீடு. வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையது. 1930இல் எல்லாரும் கைரேகை பதியவேண்டும் என்றதும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் நின்றார்கள். எங்களை என்ன திருடர்கள் என்றா நினைத்தீர்கள் என்ற கோபம் அது.

1956இல் சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் 3 கிராம் அளவுக்குத்தான் தங்கம். கட்டுப்படியாகவில்லை என்று 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். அப்போது ஓர் அவுன்ஸ் தங்கம் 260 டாலர் சொச்சம். 2008இல் 1,000 டாலரைத் தாண்டிவிட்டது. வியாபாரி கண்ணுக்கு இதுதான் உறுத்துகிறது. சரக்கை விலை மலிந்த நாளில் கைவிட்டதுபோல் ஆகிவிட்டது. ஆனால் சுரங்கம் துணிக்கட்டு அல்லவே, மடித்து வைத்து விலை ஏறும்வரை காத்திருக்க!

சயனைடு கலந்து அரைத்துக் கொட்டிய மண் இன்று குன்றுகளாக நிற்கிறது. காற்றடித்தால் தூள் வீட்டுக்குள் வருகிறது. தங்கவயலில் மறைந்தது கம்பெனிதான். சனங்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலைபார்த்து, இருட்டியபின் திரும்புகிறார்கள்.

அந்த ஸ்டேஷன் டீக்கடையில் ஒரு பெரியவர், “எந்த ஊர் தம்பி?” என்றார். மலேசியா என்றோம்.

“அங்கே ரப்பர் தோட்டத்தில் நம்ம ஆளுங்க இருந்தாங்களே, தோட்டத்தை வித்தப்போ அந்த வீடெல்லாம் யாருக்குப் போச்சு?”

சுரங்க வரிசை வீட்டில் பிறந்தவர் கேட்கிறார். நல்ல பதிலாக ஒன்றும் எங்களிடம் இல்லை. “நாங்க கடைக்காரங்க ஐயா, எங்க கடையே வாடகைக் கடைதான்” என்றோம்.

சிரித்துவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்காமல், எங்கள் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.