அச்சடிக்கும் முன் நாலு வரி எழுதிப் பாருங்க



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவுக்குக் கணக்கு எழுதி வர்றேன். புதுக் கடன் பேரேடு அச்சடிக்கப் போறோம். என்னென்ன கட்டம் வேணும்னு முதல்ல பேசாதீங்க. முதல்ல உதாரணம் எழுதுங்க. கட்டம் தானா வரும்.

ஒரு அக்கா 10,000 ரூபாய் கடன் வாங்குறாங்கன்னு வைங்க. நூத்துக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 10 தவணை. முதல் மாதம் அசல் 1,000, வட்டி 100, ஆக 1,100 கட்டணும். மழையில வேலை இல்லை. 600தான் கொண்டு வர்றாங்க. வட்டி 100 போக அசலுக்கு 500. மீதி அசல் 9,500. அடுத்த மாத வட்டி 95. ‘தவணை’ன்னு ஒரே கட்டம் இருந்தா இது எதுவும் தெரியாது. 600ஐயும் அசலில் கழிச்சா குழுவுக்கு நஷ்டம். வட்டியில் வரவு வச்சா அந்த அக்காவுக்கு நஷ்டம். வட்டி, அசல், மீதி அசல், தவணை பாக்கி நாலும் தனித்தனியா வேணும்.

ஒரே குழுவில் ரெண்டு லட்சுமி இருந்தா? உறுப்பினர் எண் வேணும். மாட்டுக் கடன் முடியுமுன்னே படிப்புக் கடனும் வாங்கினா? ஆளுக்கு ஒரு பக்கம் போதாது, கடனுக்கு ஒரு பக்கம் வேணும். ஒரு மாதம் கட்டம் காலியா இருந்தா? பணம் கட்டலையா, எழுதலையா? கட்டலைன்னா 0 போடணும்.

ஒழுங்கா கட்டுறவங்க கணக்கு எந்த நோட்டிலும் அடங்கும். கஷ்டத்தில் இருக்கிறவங்க கணக்கு அடங்குதான்னுதான் பார்க்கணும்.

கம்ப்யூட்டரில் இந்தக் கட்ட அமைப்பை டேட்டா மாடல்னு சொல்றாங்க. நோட்டுன்னா ஓரத்தில் குறிச்சு வைக்கலாம். கம்ப்யூட்டரில் கட்டம் இல்லைன்னா அந்த விவரத்துக்கு இடமே இல்லை.

உதாரணத்தைக் கூட்டத்தில் வாசிச்சுக் காட்டுங்க. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் “600 குடுத்தா 500 குறையும்” என்பது புரியும். “நான் முன்கூட்டியே கட்டினா எங்கே எழுதுவே?”ன்னு அவங்களே கேட்பாங்க. நாம விட்டதை அவங்க பிடிப்பாங்க.

பஞ்ச சூத்திரத்தில் கணக்கு எழுதுவதும் ஒண்ணு. வங்கியிலும் நம்ம நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த கடனை முடிவு பண்றாங்க. அதனால ஒவ்வொரு குழுவும் சிக்கலான ரெண்டு கணக்கைப் பெயர் இல்லாமல் எழுதிக் கொண்டு வாங்க. அதெல்லாம் புதுப் பேரேட்டில் அடங்கின பிறகு அச்சுக்குக் கொடுப்போம். முதல் பக்கத்தில் ஒரு உதாரணத்தையும் நிரப்பியே அச்சடிப்போம்.