குடிபெயர்ந்த கோயில்

டிராம்பே என்றதும் பலருக்கும் அங்குள்ள அணு ஆராய்ச்சி நிலையமே நினைவுக்கு வரும். அங்கே குடியிருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கோ, மே மாதம் பிறந்தால் ஒரே கவலைதான்: ஊருக்குப் போவதா, இருப்பதா?

சென்ற ஆண்டு அக்கவலை சற்றுக் கடுமையாகவே இருந்தது. எங்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்திருந்தது. ஞானஸ்நானம் ஊர்க் கோயிலில்தான் நடைபெற வேண்டும் என்பது அன்னையாரின் உறுதி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள அக்கோயிலிலேதான் எங்கள் முன்னோர் அனைவரும் அதைப் பெற்றனர். எங்களுக்கோ விடுப்பும் இல்லை. இரயிலில் இடமும் இல்லை. இரண்டு வாரமாக வீட்டில் பேச்சே குறைந்து போயிற்று.

அந்நிலையில், மரோலில் வாழும் நண்பர் ஒருவர் எங்களை அழைத்தார். அவர் மராத்தி பேசும் பழங்குடிக் கத்தோலிக்கர். அந்தேரியில், சீப்ஸ் எனப்படும் ஏற்றுமதித் தொழில் வளாகத்தினுள்ளே, பாழடைந்த கோயில் ஒன்று உண்டு. ஆண்டில் ஒருநாள், மே மாதத்தில், அங்கே வழிபாடு நடக்கும். காட்கோபரில் மெட்ரோ ஏறி, அன்னையாருடனும் குழந்தையுடனும் சென்றோம்.

தொழிற்கூடங்களைக் கடந்ததும் மரங்களிடையே அக்கோயில் தென்பட்டது. கூரை இல்லை. தடித்த சுவர்களும் மணிக்கூண்டும் மட்டுமே நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. ஸ்நாபக அருளப்பர் பெயரால் சேசு சபையார் 1579இல் எழுப்பிய ஆலயம் இது. மறு ஆண்டே போர்த்துக்கல் நாட்டின் முடி ஸ்பெயின் மன்னரிடம் சென்றது. 1640 வரை இந்தச் சாஷ்டித் தீவும் ஸ்பெயின் அரசரின் குடைக்கீழ்தான் இருந்தது. பின்னர் 1737இல் மராத்தியர் இத்தீவைக் கைப்பற்றினர். ஆட்சிகள் மாறியும் கோயில் நிலைத்தது. 1840இல் பரவிய கொள்ளைநோயே அதை வெறுமையாக்கியது. மக்கள் ஊரை விட்டு மரோலுக்குக் குடிபெயர்ந்தனர்.

இந்தச் சேசு சபை நமக்கு அயலானதன்று. ஸ்பெயினின் வடபால் நவார் நாட்டில் பிறந்த சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் ஓதுவித்தார். அவர் வழிவந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சிட்டார். இச்சுவர்களும் தமிழ் அச்சும் ஏறத்தாழ ஒரே வயதின!

இவற்றையெல்லாம் நாங்கள் எடுத்துரைத்தோம். அன்னையார் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. சுவரைத் தடவிப் பார்த்து, ஒன்றே ஒன்று கேட்டார்: "சனம் எல்லாம் போய்விட்டதே, ஞானஸ்நானத் தொட்டி எங்கே?"

நண்பருக்கு அதை மராத்தியில் சொன்னோம். அவர் புன்னகை செய்து, எங்களை மரோலுக்கே அழைத்துச் சென்றார். அங்குள்ள நற்செய்தியாளர் அருளப்பர் கோயிலில் பழைய ஆலயத்தின் பீடங்களும் தூண்களும் இருக்கின்றன. அந்தத் தொட்டியும் இருக்கிறது! ஊரை இழந்தவர்கள் அதைக் கைவிடாமல் கொண்டு வந்திருக்கிறார்கள்.

அன்னையார் அத்தொட்டியின் விளிம்பில் நெடுநேரம் கை வைத்திருந்தார். "கல்லையே சுமந்து வந்திருக்கிறார்களே!" என்றார். திரும்பும் வழியில் வேறெதுவும் பேசவில்லை. செம்பூரை நெருங்குகையில், "பிள்ளைக்கு இங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள். ஆனால் செபம் தமிழில் இருக்கவேண்டும், தாத்தா பெயரையே வைக்கவேண்டும்," என்றார்.

அவ்வாறே எங்கள் பங்குக் கோயிலில், தமிழறிந்த குருவானவர் ஒருவரைக் கொண்டு அது நடந்தேறியது. ஊரிலிருந்து ஒருவரும் வர இயலவில்லை என்ற குறை அன்னையாருக்கு இருக்கத்தான் செய்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை.

நேயர்களே, நாம் ஊரைத் தூக்கிக்கொண்டு வர இயலாது. மண்ணும் கடலும் அங்கேயே இருக்கும். எதை உடன் கொண்டு வருவது என்பதை மட்டும் நாமே தேர்ந்துகொள்ளலாம். மரோல் மக்கள் ஒரு கல்தொட்டியைத் தேர்ந்தார்கள். எங்கள் அன்னையார் தமிழையும் ஒரு பெயரையும் தேர்ந்தார். உங்கள் இல்லத்தில் அது எது என்று, இன்றிரவு பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.