தொட்டிக்குள் நிகழ்வது
(ஆம்பூரில் ஆற்றிய உரை)



நம்மூர்த் தொட்டியில் பச்சைத்தோல் இறங்கும். பதப்பட்ட தோலாய் ஏறும். இடையே ஆவாரம்பட்டைச் சாறு செய்ததைக் கண்டார் இலர். கைதேர்ந்த முதியவரோ விரலால் தடவியே பதம் சொல்வார். எவ்வாறு என்றால் நகைப்பார்.

செனீவா அருகே 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் எனும் நேர்மின்னிகளை மோதவிட்டு ஆய்ந்து வருகின்றனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் அதிற் பங்குகொண்டனர். மோதலில் தெறிக்கும் குவார்க்குகள் தனித்து நில்லா. இமைப்பினும் மிக நுண்ணிய பொழுதில் திரண்டு புதுத்துகள்களாகும். அத்திரட்சியை அடிப்படை நெறியிலிருந்தே முற்றக் கணித்தார் இன்னும் இலர். ஆகவே, எண்ணிறந்த மோதல்களைக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்குகின்றனர். முதியவர் விரல்போல் அதுவும் விடை தருகிறது. ஏன் என்பதை உரைப்பதில்லை. வழியெழுதா விடைக்கு நான் முழு மதிப்பெண் இட்டதில்லை!

‘குவார்க்கு’ எனப் பிறமொழிப் பெயரையே சொன்னது உங்கள் செவியை உறுத்தியிருக்கும். எனக்கும் உறுத்திற்று. மாணவர்களே, தக்க பெயர் தோன்றின் மேடையேறிச் சொல்லுங்கள்.