இலைக்குக் கீழே இருக்கும் நிலம்

(சங்க ஒன்றுகூடலில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



கட்டடப் பொறியாளனுக்கு ஓட்டல் கதை எதுக்குன்னு நீங்க நினைக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது என்னிடம் வந்து, "அண்ணே, மாமல்லபுரம் பக்கம் நல்ல ரெஸ்டாரண்ட் ஒண்ணு போடறோம், பிளான் வரைஞ்சு குடுங்க" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கதை.

உடுப்பிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்து, சமையலறை எடுபிடியாகத் தொடங்கியவர் கே. கிருஷ்ண ராவ். 1938-இல் ராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவின் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த மாளிகையின் பெயர்தான் உட்லண்ட்ஸ். தங்க அறை, கௌரவமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட சைவச் சாப்பாடு, இரண்டும் ஒரே வளாகத்தில். மசாலா தோசையைச் சென்னைக்குப் பழக்கியதே அவர்தான் என்பார்கள். அந்தப் பெருமைக்கு வேறு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், அது நமக்கு வேண்டாம்! 1952-இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. 1962-இல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன்.

டிரைவ்-இன் பற்றி உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், கண் மலரும். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்துக்குள், மரநிழலில் காரை நிறுத்தினால், சர்வர் வந்து கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேசை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், சினிமாக்காரர்கள், மாணவர்கள் எல்லோரும் ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாள் பேசலாம். எழுந்திருன்னு யாரும் சொல்லமாட்டாங்க.

ஆனால் நிலம் குடும்பத்துடையது இல்லையே! அந்த நிலம் யாருக்கு என்று அரசுக்கும் தோட்டக்கலைச் சங்கத்துக்கும் இடையே வழக்கு ஏறி இறங்கியது. முடிவில் 2008-இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. நாங்கள் அப்போது மூன்றாம் ஆண்டு. கடைசி வாரம் ஒரு கும்பலாகப் போய் வரிசையில் நின்றோம். 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். சாம்பாரில் தப்பு இல்லை, கணக்கில் தப்பு இல்லை, கூட்டமும் குறையவில்லை. நாற்பத்தாறு வருஷ அடுப்பு அணைந்தது நிலத்தால்.

இதில் எனக்குச் சொந்த வலியும் உண்டு. எங்கப்பா செங்கல்பட்டில் பதினாறு வருஷம் மெஸ் நடத்தினார். பதினோரு மாத ஒப்பந்தம், வருஷா வருஷம் புதுப்பிப்பது. இடத்துக்காரர் ஒரு மாதம் 'மகனுக்குக் கடை வேணும்' என்றார். அவர் செய்தது சட்டப்படி சரிதான். அப்பா கையோடு எடுத்து வந்தது பாத்திரமும் கிரைண்டரும். புகைபோக்கி, மேடை, தரைக்கல், கழிவுநீர்க் குழாய் எல்லாம் சுவரோடு நின்றுவிட்டன.

ஓட்டல் போடுறவங்க காசு போவது அங்கேதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகலாம். குளிர் அறையை, எரிவாயுக் குழாயை, எண்ணெய்ப்பிசுக்குத் தொட்டியைத் தூக்க முடியாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் எல்லோரும் பதினோரு மாதம் போடுகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் இன்னும் இரண்டு கோடுகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை 1991-இல் வந்தபோது, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. 2011, 2019 அறிவிக்கைகளில் தூரங்கள் மாறியிருக்கின்றன, கோடு மறையவில்லை. 'கடல் தெரியற மாதிரி மொட்டைமாடி' என்று கேட்கும் தம்பிகளிடம் முதலில் சர்வே எண்ணைத்தான் கேட்கிறேன். அவங்க முகம் வாடுது, என்ன செய்ய!

ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் இன்றும் நடக்கிறது. சென்னை போனால் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டல் யோசனையில் இருப்பவர்கள் இடைவேளையில் டீ மேசைப் பக்கம் வாங்க. பிளான் அப்புறம் போடலாம். பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் இருந்தா எடுத்துட்டு வாங்க.