பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு தோழி
(சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தின் மூத்தோர்களே, சகோதரர்களே, தாய்மார்களே!

பொன்விழாக் காணும் நம் சங்கத்தில், இளங்குடும்பங்களின் சார்பாகச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். மளிகை வியாபாரம் பார்க்கிறவர்கள் நாங்கள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆகவே எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் துணைவியார் நாகூரில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வாசலில் உட்கார்ந்தால் போதும், பேச ஆள் வந்துவிடும். திருமணமாகிச் சிங்கப்பூர் வந்த இரண்டாம் ஆண்டில் மகள் பிறந்தாள். மாமியார் ஊரிலிருந்து வந்து, நாற்பது நாளும் கூடவே இருந்து பத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதன்பின் பன்னிரண்டாவது மாடி வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்தான். காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் நாங்கள் திரும்புவோம். ஊருக்குப் பேசலாம் என்றால், இங்கே காலை எட்டு மணி அங்கே ஐந்தரை. யாரை எழுப்புவது?

“அக்கம்பக்கத்தில் பேசிப் பழக வேண்டியதுதானே” என்று சுலபமாகச் சொல்லிவிட்டோம். ஒருநாள் இரவு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “இன்னிக்கு நான் வாய் தொறந்து பேசுற முதல் ஆளு நீங்கதாங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்கே போயிடட்டுமா?”

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுக்குத் தொழுகைக்குப் பின் பேச நண்பர்கள் உண்டு. கடைக்கு வருவோர் உண்டு. பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர்கள் உண்டு. சங்கமும் உண்டு. அவருக்கு யார் இருந்தார்கள்?

அடுத்த வாரம் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போயிருந்தோம். அங்கே இன்னொரு தமிழ்த் தாய். அவர் பிள்ளைக்கும் அதே வயது. இருவரும் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பன்னிரண்டு நாள் இவர் அழைக்கவே இல்லை. கேட்டால், “அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமோ” என்றார். பிறகு தெரிந்தது, அந்தத் தாயும் அதையே நினைத்துக்கொண்டு காத்திருந்தாராம்!

ஒருவழியாக அழைத்தார்கள். அப்போதுதான் எங்கள் பங்கு எதுவென்று எங்களுக்கு விளங்கியது. புதன்கிழமை காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டோம். இரண்டு மணி நேரம் அவர்கள் தேநீர் குடித்துப் பேசிவிட்டு வருவார்கள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. பிள்ளை தூங்காதது, பால் கக்கியது, மாமியார் சொன்னது, இவ்வளவுதான். ஆனால் திரும்பி வருகிற முகம் வேறு முகமாக இருக்கும்.

16 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து அந்தத் தோழி வேலைக்குப் போனார். நட்பு அதோடு நின்றிருக்கலாம். நிற்காததற்குக் காரணம், அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. மூன்று நாள் பதில் வராவிட்டால், ‘பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும்’ என்று எடுத்துக்கொள்வார்கள். பாத்திரம் கழுவும்போது ஒரு குரல் பதிவு அனுப்புவார்கள். வீடு கலைந்து கிடக்கிறதே என்று கதவைச் சாத்த மாட்டார்கள். எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது. சென்ற ஆண்டு இளையவன் பிறந்தபோது, கஞ்சியோடு முதலில் வந்து நின்றவர் அந்தத் தோழிதான்.

பெரியவர்களே! தஞ்சோங் பகாரில் வாழ்ந்த கடையநல்லூர், தென்காசித் தாய்மார்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தியதை நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அம்மிக்குப் பக்கத்தில் பிள்ளை கிடக்கும். அதைத் தூக்க நாலு கை இருக்கும். அதே மசாலாவை நாங்கள் இன்று பொட்டலத்தில் விற்கிறோம். அந்த நாலு கை மட்டும் அடுக்குமாடி வீட்டில் இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோழி துணைதான், மருத்துவருக்குப் பதில் ஆக மாட்டார்.

இப்போது எங்கள் கோரிக்கை. வாரம் ஒருநாள் காலையில் சங்கத்தின் மாடி அறையைக் கைக்குழந்தைத் தாய்மார்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு பாய், ஒரு சுடுநீர்க் குடுவை, பால் கொடுக்க ஒரு மறைப்பு போதும். சொற்பொழிவு வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். மூத்த தாய்மார்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் அதுவே பெரிது.

இளம் தகப்பன்மார்களே, 2025 ஏப்ரல் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தந்தையர் விடுப்பு 4 வாரம். நம்மைப் போலச் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் அதைப் பெற வழி இருக்கிறது. “போய்ப் பழகு” என்று சொல்வதற்கு முன் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வோம்.

இந்தச் சங்கம் ஐம்பது ஆண்டுகளாக ஆண்களுக்கு நண்பர்களைத் தந்திருக்கிறது. இனி நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் தரட்டும். அதற்கு அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.